மனம் ஒப்பாத துணையோடு முதல் ஆர்வி பயணம்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆர்வி (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீடு மாதிரியான வண்டி) எடுத்துக்கொண்டு ஊர் சுற்றும் ஆசை ஒரு வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் வருவது அபூர்வம். ஒருவர் மாதக்கணக்கில் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர், "ஏன், ஓட்டலில் ரூம் போட்டால் ஆகாதா?" என்பார். எங்கள் வீட்டில் ஆசை எனக்கு, தயக்கம் என் கணவருக்கு. சுற்றி இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கிறது. இரண்டு விதமான வீடுகளையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: தயங்குகிறவரைப் பேசிப் பேசிக் கரைக்க வேண்டியதில்லை. அவர் சொல்லும் ஒவ்வொரு 'வேண்டாம்'-க்கும் பின்னால் நியாயமான காரணம் ஒன்று இருக்கும். அந்தக் காரணங்களை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு பயணத்தையே அவற்றுக்கு ஏற்ற மாதிரி அமைத்தால், பாதிப் பிரச்சினை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தீர்ந்துவிடும்.

கலிபோர்னியாவில், சான் ஹோசே பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வண்டி வாடகை வண்டி. போகும் இடத்துக்கு உதாரணமாக பினக்கிள்ஸ் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்கிறேன். வேறு ஊரில் இருப்பவர்கள் இடத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், முறை ஒன்றுதான்.

முதலில் உட்கார்ந்து கேளுங்கள்

ஒரு மாலை, காபி குடித்துக்கொண்டே, "உனக்கு இதில் எது பிடிக்கவில்லை?" என்று கேளுங்கள். பதில் வரும்போது குறுக்கே பேசாதீர்கள், சமாதானம் சொல்லாதீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்டவரை பதில்கள் ஐந்தாறு விஷயங்களைத்தான் சுற்றி வருகின்றன: கழிப்பறை, குளியல், அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுவது, ராத்திரித் தூக்கம், செலவு. அப்புறம், பெண்களிடம் கேட்டால் கட்டாயம் வரும் ஒன்று: "வீட்டில் செய்யும் அதே சமையலை இன்னும் சின்ன அடுப்பில் செய்ய நான் எதற்கு வரணும்?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில் இல்லாமல் வண்டியை புக் செய்யாதீர்கள். பதில் எளிது: ஆசைப்பட்டவர்தான் வேலை செய்ய வேண்டும். வண்டி எடுப்பது, மின்சாரமும் தண்ணீரும் இணைப்பது, கழிவுத் தொட்டியைக் காலி செய்வது, பாத்திரம் கழுவுவது, திருப்பிக் கொடுக்கும் முன் கூட்டித் துடைப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. துணைக்குப் பிடித்த வேலை ஏதாவது இருந்தால், அவராகக் கேட்டால், கொடுங்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

இன்னொரு வாக்குறுதியும் வேண்டும். முதல் ராத்திரிக்குப் பிறகு "வீட்டுக்குப் போகலாம்" என்று அவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் திரும்புவது, அல்லது பக்கத்து ஊரில் அறை எடுப்பது. பினக்கிள்ஸ் போனால் ஹாலிஸ்டரில் ஒரு மோட்டல் அறையை, கடைசி நேரத்தில் ரத்து செய்யக்கூடிய மாதிரி, முன்பே பதிந்து வையுங்கள். வெளியேற வழி இருக்கிறது என்று தெரிந்தாலே மனசு பாதி இறங்கி வரும்.

இரண்டு ராத்திரி, ஒரே இடம், பக்கத்தில்

ஆர்விக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு: ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பகல் 3 மணிக்குள் போய்ச் சேர், ஒரே இடத்தில் 3 ராத்திரி தங்கு. புதியவர்கள் இதில் தூரத்தைப் பாதிக்கும் கீழே குறைக்க வேண்டும். 3 மணி என்பதை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில், தெரியாத இடத்தில், தெரியாத வண்டியை நிறுத்தி, டார்ச் பிடித்துக்கொண்டு குழாய் மாட்டுவதுதான் முதல் பயணத்தைக் கெடுக்க மிகச் சுலபமான வழி.

ஒரு ராத்திரி போதாதா என்று கேட்பார்கள். போதாது. புது இடத்தில் முதல் ராத்திரி யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது. ஒரே ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பினால் ஆர்வி என்றாலே அந்தத் தூங்காத ராத்திரிதான் நினைவில் நிற்கும். இரண்டாவது நாள்தான் எந்த ஸ்விட்ச் எங்கே என்று கை தானாகப் போகும், வெளியே நாற்காலி போட்டு உட்காரத் தோன்றும்.

நான் பினக்கிள்ஸைச் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. சான் ஹோசேயிலிருந்து சுமார் 80 மைல். 101-இல் கில்ராய் வரை போய், 25-ஆம் எண் சாலையில் திரும்பி, ஹாலிஸ்டர் தாண்டி மாட்டுப் பண்ணைகள் நடுவே போகும் வழி. அங்கே கேம்ப்கிரவுண்டில், அதாவது கூடாரமும் ஆர்வியும் நிறுத்தித் தங்கும் இடத்தில், ஆர்வி இடங்களுக்கு மின் இணைப்பு உண்டு. காசு போட்டுக் குளிக்கும் ஷவர், கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷன், சின்னக் கடை, வெயில் காலத்தில் நீச்சல் குளம் எல்லாம் இருக்கின்றன. முன்பதிவு ரிக்ரியேஷன் டாட் கவ் தளத்தில். வசந்தமும் இலையுதிர் காலமும் நல்ல பருவம். கோடையில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், முதல் முறைக்கு வேண்டவே வேண்டாம். கவனம்: கேம்ப்கிரவுண்ட் கிழக்குப் பக்கம் இருக்கிறது. பூங்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்க உள்ளே சாலை கிடையாது. ஜிபிஎஸ் சோலெடாட் வழியாகக் கூட்டிப்போனால் மறுக்க வேண்டும். அந்த மேற்கு வழி குறுகலானது, பெரிய வண்டிக்கு ஏற்றதல்ல.

ஹாலிஸ்டர்தான் கடைசியாக நல்ல கடைகளும் பெட்ரோலும் கிடைக்கும் ஊர். உள்ளே போன் சிக்னலும் நம்பும்படி இருக்காது. அலுவலக அழைப்பு வரும் என்று பயப்படும் துணையிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே போய்த் தெரிந்துகொள்ள விடக்கூடாது.

பூங்காவே வேண்டாம், இன்னும் வசதி வேண்டும் என்றால் தனியார் கேம்ப்கிரவுண்டுகளைப் பாருங்கள். 1962-இல் மொன்டானாவின் பில்லிங்ஸ் நகரில் தொடங்கிய கேஓஏ (KOA) என்ற நிறுவனத்தின் இடங்கள் நாடு முழுக்க இருக்கின்றன. தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றும் உங்கள் இடத்திலேயே இணைக்கும் வசதியைக் கேட்டு வாங்கலாம். பல இடங்களில் துணி துவைக்கும் அறை கூட இருக்கும். இயற்கை அழகு கொஞ்சம் குறையலாம். தயங்கும் துணைக்கு அழகை விடச் சுத்தமான குளியலறை முக்கியம் என்றால் அதற்கே முன்னுரிமை கொடுங்கள்.

எந்த வண்டி

பேருந்து மாதிரி இருக்கும் கிளாஸ் ஏ முதல் முறைக்கு வேண்டாம். காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லரும் வேண்டாம், பின்னோக்கி ஓட்டுவது தனிக் கலை. மிச்சம் இரண்டு.

கிளாஸ் பி என்பது வேன். ஓட்டச் சுலபம், ஆனால் உள்ளே கழிப்பறையும் ஷவரும் ஒரே சின்ன அறையில் இருக்கும், குளித்தால் எல்லாம் நனையும். கிளாஸ் சி என்பது டிரைவர் தலைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வண்டி. 22 முதல் 25 அடி நீளத்தில் ஒன்று எடுத்தால் தனிக் கழிப்பறை, நின்று குளிக்க இடம், பின்னால் நிலையான படுக்கை, சாப்பாட்டு மேசை எல்லாம் கிடைக்கும். என் ஓட்டு இதற்குத்தான். சாதாரண கார் லைசென்ஸ் போதும். கழிப்பறையே இல்லாத கேம்பர் வேனை, வாடகை குறைவு என்பதற்காக எடுத்துவிடாதீர்கள்.

முடிந்தால் புக் செய்யும் முன் துணையை வாடகை நிலையத்துக்கோ ஆர்வி விற்கும் இடத்துக்கோ கூட்டிப் போய்க் காட்டுங்கள். படுக்கையில் படுத்துப் பார்க்கட்டும், கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பார்க்கட்டும். படத்தில் பார்ப்பது வேறு, முழங்கால் இடிக்கிறதா என்று தெரிவது வேறு.

ஓட்டுவதுதான் பெரிய பயம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. அவுட்டோர்சி, ஆர்விஷேர் போன்ற தளங்களில் தனிநபர்கள் தங்கள் வண்டியை வாடகைக்கு விடுகிறார்கள். அவர்களில் பலர் வண்டியை கேம்ப்கிரவுண்டுக்கே கொண்டுவந்து நிறுத்தி, எல்லாம் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நீங்கள் உங்கள் காரில் போனால் போதும். திரும்பும் நாள் அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கார் கூடவே நிற்பதால் நடைபாதை தொடங்கும் இடத்துக்குப் போக ஆர்வியின் இணைப்புகளைக் கழற்ற வேண்டியதும் இல்லை. முதல் பயணத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

செலவைப் பற்றிச் சுருக்கமாக: ஒரு நாள் வாடகை என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மைலுக்கு இவ்வளவு, ஜெனரேட்டர் மணிக்கு இவ்வளவு, படுக்கை விரிப்பும் பாத்திரமும் தனி, காப்பீடு தனி, கேம்ப்கிரவுண்ட் கட்டணம் தனி. கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் கொடுக்கும் என்பதால் பினக்கிள்ஸ் போய்வர சுமார் 20 கேலன் பெட்ரோல் ஆகும். உங்கள் கார் காப்பீடும் கிரெடிட் கார்டு காப்பீடும் ஆர்விக்குப் பெரும்பாலும் செல்லாது, போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தக் கணக்கை ஒரே தாளில் எழுதித் துணையிடம் காட்டுங்கள். பாதிச் செலவை மறைத்துச் சம்மதம் வாங்கினால் அது சம்மதம் ஆகாது.

வாடகை வண்டியை எடுக்கும் நாள்

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். விளக்குபவர் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார், போனில் முழுவதையும் வீடியோ எடுங்கள். அடுப்பைப் பற்றவைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜ், வெந்நீர், ஹீட்டர், ஏசி ஒவ்வொன்றையும் ஓடவிட்டுப் பாருங்கள். சர்க்யூட் பிரேக்கர் பெட்டி எங்கே, கழிவுத் தொட்டி வால்வுகள் எங்கே என்று தொட்டுப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் குளிர்வதற்குப் பல மணி நேரம் பிடிக்கும், அதனால் உடனே போட்டுவிட்டு, வீட்டில் ஏற்கெனவே குளிர வைத்த பொருட்களையே உள்ளே வையுங்கள்.

வண்டியின் உயரத்தை ஒரு டேப்பில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். கிளாஸ் சி வண்டி பெரும்பாலும் 11, 12 அடி இருக்கும். டிரைவ்-த்ரூ காபிக் கடை, பார்க்கிங் கட்டடம், தாழ்ந்த மரக்கிளை மூன்றும் இனி உங்களுக்கு இல்லை.

ஓட்டுவது

நேரே ஹைவேயில் ஏறாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் கல்லூரிப் பார்க்கிங் மாதிரி ஓர் இடத்தில் அரை மணி நேரம் திருப்பிப் பழகுங்கள். துணை விரும்பினால் அவரும் ஓட்டிப் பார்க்கட்டும். இந்த வண்டிகளின் பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்ட வால் பகுதி இருக்கிறது. நீங்கள் இடது பக்கம் திருப்பும்போது அந்த வால் வலது பக்கம் வெளியே வீசும். பெட்ரோல் பங்கின் மஞ்சள் கம்பங்களில் உரசுவது இப்படித்தான். பங்கில் இருந்து கொஞ்சம் நேரே போய்விட்டுத் திருப்புங்கள்.

சாலையில் வலது லேன், 55, 60 மைல் வேகம், முன்னால் நிறைய இடைவெளி. லாரி கடந்து போகும்போது வண்டி லேசாக இழுக்கும். அது சகஜம் என்று முன்பே சொல்லி வையுங்கள். ஓடும்போது யாரும் எழுந்து நடக்கக் கூடாது, கழிப்பறைக்கும் போகக் கூடாது. பெல்ட் எல்லோருக்கும் கட்டாயம். குழந்தை இருந்தால் கார் சீட்டை முன்னோக்கிய இருக்கையில் மட்டும் பொருத்துங்கள்.

வண்டி ஓடத் தொடங்கியதும் பின்னாலிருந்து வரும் சத்தம்தான் புதியவரை முதலில் மிரட்டும். தட்டும் டம்ளரும் அலமாரியில் கடகடவென்று அடிக்கும், அடுப்பின் கம்பி வலை துள்ளும், எங்கேயோ ஒரு கதவு டப் டப் என்று தட்டும். வண்டி பிரிந்து விழப்போகிறது என்றே தோன்றும். கிளம்பும் முன் தட்டுகளுக்கு நடுவே துண்டு வையுங்கள், அடுப்பு வலைக்கு அடியில் ஒரு கைத்துணி, குக்கருக்குள் டம்ளர்களைத் துணி சுற்றி அடுக்குங்கள், எல்லா அலமாரிக் கொக்கிகளையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். என் கணவரின் தோள் இறுக்கம் தளர்ந்தது இந்தத் துண்டுகளால்தான், நான் சொன்ன எந்தச் சமாதானத்தாலும் இல்லை.

நிறுத்துவதும் இணைப்பதும்

கேம்ப்கிரவுண்டுகளில் தம்பதிகள் சண்டை போட்டுக்கொள்வது ஒரே இடத்தில்தான்: வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது. தனியார் இடங்களில் நேரே நுழைந்து நேரே வெளியேறும் இடம் கேட்டால் கிடைக்கும், கேளுங்கள். ரிவர்ஸ்தான் வழி என்றால், முதலில் இருவரும் இறங்கி நடந்து பாருங்கள்: மரக்கிளை, மேசை, தண்ணீர்க் குழாய் எங்கே என்று. பின்னால் நிற்பவர் கத்தக் கூடாது. சிக்னல் இருந்தால் போனில் பேசுங்கள், இல்லாவிட்டால் நிறுத்து, வா, இடம், வலம் என்ற நான்கு கை சைகைகளை முன்பே பேசி வையுங்கள். பின்னால் நிற்பவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் உடனே பிரேக். துணைக்கு இந்த வேலை பிடிக்காவிட்டால் கேம்ப்கிரவுண்டைப் பார்த்துக்கொள்ளும் ஹோஸ்டைக் கூப்பிடுங்கள், சந்தோஷமாக வந்து உதவுவார்.

வண்டி மட்டமாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் ராத்திரி தலைக்கு ரத்தம் ஏறும், சில வகை ஃபிரிட்ஜும் சரியாக வேலை செய்யாது. போனில் மட்டம் பார்க்கும் செயலி இருக்கிறது. தாழ்ந்த சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து ஏற்றிக்கொள்ளுங்கள்.

மின்சாரம்: கம்பத்தில் பிரேக்கரை அணைத்து, பிளக்கை மாட்டி, பிறகு போடுங்கள். 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். இந்தக் கணக்கைத் துணையிடமும் சொல்லி வைப்பது நல்லது. ஏசி சுமார் 1,500 எடுக்கும், மைக்ரோவேவ் இன்னொரு 1,500, இன்டக்‌ஷன் அடுப்போ ஹேர் டிரையரோ 1,500 முதல் 1,800. இரண்டு ஓடும்போது மூன்றாவதைப் போட்டால் பிரேக்கர் விழும், எல்லாம் அணையும். வண்டி கெட்டுப்போனது என்று பதறத் தேவையில்லை. ஒன்றை அணைத்துவிட்டு பிரேக்கரைத் தூக்கிவிட்டால் சரி.

கழிப்பறை

இந்தப் பகுதியைத் தாராளமாகத் துணையிடம் படிக்கக் கொடுங்கள். வெளிப்படையாகப் பேசாததால்தான் இது பூதாகரமாகத் தெரிகிறது.

வண்டிக்குக் கீழே மூன்று தொட்டிகள்: நல்ல தண்ணீர், குளித்த, கழுவிய தண்ணீர் போகும் கிரே டேங்க், கழிப்பறைக்கான பிளாக் டேங்க். முதல் முறை பயன்படுத்தும் முன் பிளாக் டேங்கில் இரண்டு மூன்று கேலன் தண்ணீரும் நாற்றம் போக்கும் பொட்டலம் ஒன்றும் போடுங்கள். காலால் பெடலை மிதித்தால் அடியில் வால்வு திறக்கும். உட்காரும் முன் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள், முடிந்ததும் மிதித்து, தண்ணீர் தாராளமாகப் போக விடுங்கள். எளிதில் கரையும் ஆர்வி டாய்லெட் பேப்பர் மட்டும். வேறு எதையும் உள்ளே போடக் கூடாது. பெடலை மிதிக்கும்போது கழிப்பறை ஃபேனை அணைத்துவிடுங்கள். ஃபேன் ஓடினால் தொட்டியின் வாடையை மேலே இழுத்துவிடும். பலரும் நாற்றம் என்று புகார் சொல்வது இந்தச் சின்ன விஷயத்தால்தான்.

நம் ஆட்களின் கேள்வி: தண்ணீர் பயன்படுத்தலாமா? தாராளமாக. சின்ன மக் ஒன்றோ கையடக்க பிடேவோ கொண்டுபோங்கள். பிளாக் டேங்குக்குத் தண்ணீர் நல்லதுதான், திடக்கழிவு கட்டி தட்டாமல் கரைய உதவும். தொட்டி கொஞ்சம் சீக்கிரம் நிரம்பும், இரண்டு பேர் இரண்டு ராத்திரிக்கு அது கவலைப்படும் விஷயமில்லை. "இதற்கும் மேல் எனக்கு இது வேண்டாம்" என்றால் கேம்ப்கிரவுண்ட் கழிப்பறை நடக்கும் தூரத்தில் இருக்கும். அதற்குப் பக்கத்தில் உள்ள இடமாகப் பார்த்துப் பதியுங்கள். வண்டிக் கழிப்பறையை ராத்திரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

காலி செய்வது ஆசைப்பட்டவர் வேலை. துணை வண்டிக்குள் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்காரட்டும், பார்க்கவே வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழாயை இரண்டு பக்கமும் இறுக்கமாகப் பொருத்துங்கள். முதலில் பிளாக் வால்வை இழுங்கள், முழுக்கக் காலியானதும் மூடுங்கள். பிறகு கிரே வால்வைத் திறந்தால் அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். இந்த வரிசை மாறக் கூடாது. முழு இணைப்பு உள்ள இடத்தில் தங்கினாலும் பிளாக் வால்வை எப்போதும் திறந்தே வைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் வடிந்து, மற்றது உள்ளேயே குவிந்து இறுகிவிடும். தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பிறகு ஒரேயடியாகத் திறப்பதுதான் முறை. நிதானமாகச் செய்தால் கால் மணி நேரம்.

குளியலுக்கு: வெந்நீர்த் தொட்டி பெரும்பாலும் 6 கேலன்தான், 23 லிட்டர். உடம்பை நனைத்து, தண்ணீரை நிறுத்தி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசினால் இரண்டு பேருக்கு வரும். பக்கெட்டும் மக்குமாகக் குளித்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. தலைக்குக் குளிக்க வேண்டும் என்றால் கேம்ப்கிரவுண்ட் ஷவர். கால் டாலர் நாணயங்கள் ஒரு பை நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

முதல் ராத்திரி சமைக்கவே கூடாது. புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் வீட்டிலிருந்தே வரட்டும், இதையும் ஆசைப்பட்டவரே கட்டி எடுத்து வரட்டும். மறுநாள் காலை தோசைமாவு, பொடி, நல்லெண்ணெய் போதும். இன்ஸ்டன்ட் பாட் இருந்தால் பொங்கலும் சாம்பார் சாதமும் சுலபம், வாட் கணக்கு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். டிகாஷனை வீட்டிலேயே இறக்கி பாட்டிலில் கொண்டுவந்துவிடுங்கள்.

வண்டிக்குள் தாளிக்காதீர்கள். அந்தச் சின்ன இடத்தில் மிளகாய் நெடி ஏறினால் இருமல், புகை அலாரம் இரண்டும் சேர்ந்து வரும், படுக்கையிலும் வாடை தங்கும். மேசை மேல் வைக்கும் சின்ன கேஸ் அடுப்பு ஒன்று கொண்டுபோய் வெளியே தாளியுங்கள், அப்பளமும் வெளியே. தரைக்குப் பக்கத்தில் இன்னொரு அலாரம் இருக்கும், அது புரோப்பேன் கசிவுக்கானது. புரோப்பேன் காற்றை விட கனம் என்பதால் கீழே வைத்திருக்கிறார்கள். அது அடித்தால் அலட்சியம் வேண்டாம்: எல்லோரும் வெளியேறி, சிலிண்டரை மூடிவிட்டுக் காற்றோட்டம் விடுங்கள். சாப்பிட்ட மிச்சத்தை மேசையில் விடாதீர்கள், ரக்கூன்கள் வரும்.

ராத்திரி

வீட்டுத் தலையணை, வீட்டுப் போர்வை, வீட்டு பெட்ஷீட். இதில் சிக்கனம் வேண்டாம். காதடைப்பான் ஒரு ஜோடி.

படுக்கும் முன் வண்டியின் சத்தங்களைத் துணைக்கு அறிமுகம் செய்துவையுங்கள். குழாயைத் திறந்தால் உர்ரென்று ஓடுவது தண்ணீர் பம்ப். நடுராத்திரி திடீரென்று காற்று வாங்குவது போலக் கிளம்புவது ஹீட்டர், குளிர் இறங்கினால் தானாக ஓடி நிற்கும். ஒவ்வொன்றையும் விளக்கு இருக்கும்போதே ஒருமுறை ஓடவிட்டுக் காட்டுங்கள். அடையாளம் தெரிந்த சத்தத்துக்கு யாரும் எழுந்து உட்காருவதில்லை. தேசியப் பூங்காக்களில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், பக்கத்தில் யாரும் ஜெனரேட்டர் போட மாட்டார்கள்.

மறுநாள்

திட்டம் போட்டுத் தள்ளாதீர்கள். ஒரு நடை, ஒரு தூக்கம், ஒரு மாலை போதும். பூங்காவில் இருக்கும் பியர் கல்ச் குகைக்குப் போனால் ஆளுக்கொரு டார்ச் வேண்டும். வௌவால்களுக்காகச் சில மாதங்கள் மூடிவிடுவார்கள், போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடக்கப் பிடிக்காத துணைக்கும் இங்கே ஒன்று இருக்கிறது. கலிபோர்னியா காண்டோர் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகு. 1982-இல் உலகத்திலேயே 22 பறவைகள்தான் மிச்சம். 1987-இல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்து, கூண்டில் வைத்துப் பெருக்கி, மறுபடி காட்டில் விட்டார்கள். பினக்கிள்ஸில் 2003 முதல் விடுகிறார்கள். காலையிலும் மாலையிலும் கேம்ப்கிரவுண்டுக்கு மேலே இருக்கும் மலைமுகட்டில் பார்க்க வாய்ப்பு உண்டு. நாற்காலி, பைனாகுலர், காபி. வட்டமடிப்பதெல்லாம் காண்டோர் இல்லை, சாதாரணக் கழுகுகளும் கூடவே பறக்கும். சிறகின் அடிப்பக்கம் முன் ஓரத்தில் வெள்ளை இருந்தால் வளர்ந்த காண்டோர், பின் ஓரத்தில் வெளிறிய சாம்பல் இருந்தால் மற்றது. காண்டோர் சிறகை விரித்தால் ஒன்பதரை அடி, பெரும்பாலானவற்றுக்கு எண் அட்டை உண்டு. எங்கள் வீட்டில் தயங்கியவர்தான் அந்த எண்களைக் குறித்துக்கொண்டிருந்தார்.

நடுநடுவே "எப்படி இருக்கு? பிடிச்சிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். அவர் சும்மா உட்கார்ந்திருந்தால் உட்காரட்டும். ஆர்வி அனுபவசாலி நண்பர்களையும் இந்த முதல் பயணத்துக்குச் சேர்க்காதீர்கள். நான்கு பேர் ஒரு பக்கம், தெரியாதவர் ஒருவர் மட்டும் இன்னொரு பக்கம் என்று ஆகிவிடும்.

திரும்பியதும்

துணையை வீட்டில் இறக்கிவிட்டு, பெட்ரோல் நிரப்பி, கூட்டி, வண்டியை நீங்கள் தனியாகப் போய்க் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் பழைய பட்டியலை எடுத்து, எது சரியாக இருந்தது, எது இல்லை என்று கேளுங்கள். "படுக்கை சின்னது", "இன்னும் ஒரு நாள் இருந்திருக்கலாம்" என்று குறிப்பாகப் பதில் வந்தால் அடுத்த பயணத்தைப் பேசலாம். பீஸ்மோ கடற்கரை பக்கம் மூன்று ராத்திரி நல்ல இரண்டாம் கட்டம். யோசெமிட்டி பூங்காவுக்குள் இருக்கும் கேம்ப்கிரவுண்டுகளில் மின் இணைப்பு கிடையாது, ஜெனரேட்டருக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு. அதைக் கொஞ்சம் பழகிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் "எனக்கு வேண்டாம்" என்றால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். கேஓஏ இடங்களில் மரக் கேபின்களும் வாடகைக்கு உண்டு. சிலவற்றில் குளியலறையும் உள்ளேயே இருக்கும். வெளியே அதே நெருப்புக் குழி, அதே வானம். துணை கேபினில், நீங்கள் பக்கத்து இடத்தில் சின்ன வேனில் என்று போகும் தம்பதிகளும் இருக்கிறார்கள். கேபினைப் பதியும்போது படுக்கை விரிப்பு தருகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பல கேபின்களில் மெத்தை மட்டும்தான் இருக்கும்.